அம்மாவின் நல்லமிளகுக் கொடி

ஆபீசில் சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட முதல் வித்தை, 'பழைய ஃபைலைப் பார்த்து எழுது' என்பதுதான். லீவ் லெட்டரா? பழைய ஃபைல். பில் ஏன் பாஸாகவில்லை என்று விளக்கமா? பழைய ஃபைல். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்து 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்துவிட்டால், நடுவில் என்ன இருந்தாலும் கையெழுத்து விழுந்துவிடும். சொந்தமாக ஒரு வரி சேர்த்தீர்களோ, போச்சு! சிவப்பு மையில் சுழித்துக்கொண்டு திரும்பி வரும்.

எனக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அம்மா இருபத்தைந்து வருஷம் பழைய ஃபைல் பார்த்துத்தான் வேலை செய்தாள். என்ன, அவளுடைய ஃபைல் ட்ரேசிங் பேப்பரில் இருந்தது.

ஊர், மண்டைக்காடு. மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிப் பெண்கள் வருவார்களே, அதே மண்டைக்காடுதான். கொடை முடிந்து கூட்டம் கலைந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் மறுபடி திண்ணையில் உட்கார்ந்து, மடியில் வட்டச் சட்டத்தை வைத்துக்கொண்டு பூப்போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த ஊசி நூல் எங்கள் ஜில்லாவுக்கு வந்த கதை பெரிது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து, அடிமையாக இருந்த பெண்கள் சிலர் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான்! அப்புறம் 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்தார் மதர் மேரி லூயிஸ் டி மீஸ்டர். அவர் தொடங்கிய சபையின் கன்னியர்கள் வழியாக எம்பிராய்டரியும் லேஸும் சுற்றுவட்டாரத்தில் வேர் பிடித்தன.

கலை வந்தது, கூடவே அந்த ஊர்ப் பூக்களும் வந்தன. டெய்சி, திராட்சைக் கொத்து என்று எங்கள் பெண்கள் ஜென்மத்தில் பார்த்திராத தாவரங்கள். அம்மா திராட்சைக் கொடி மட்டும் சில நூறு தடவையாவது போட்டிருப்பாள். திராட்சைக் கொடியை நேரில் பார்த்ததில்லை.

முறை ரொம்ப சுலபம். பேப்பரில் வரைந்த கோட்டின் மேல் ஊசியால் பொடிப்பொடியாகத் துளை போட வேண்டும். பேப்பரைத் துணிமேல் விரித்து, நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், துளை வழியாகப் புள்ளி இறங்கும். அதன்மேல் தையல். துவைத்தால் நீலம் போய்விடும். (மண்ணெண்ணெய் வாசனை மட்டும் எங்கள் வீட்டு அவியலில்கூட அடிக்கும்.)

ஏஜெண்ட் கொண்டுவந்து தருவது செட் கணக்கு. ஒரு மேஜை விரிப்பு, ஆறு கைத்துண்டு. ஆறையும் ஆறு வீட்டுப் பெண்கள் போடுவார்கள். ஆனால் ஒரே கை போட்டது மாதிரி இருக்க வேண்டும். ஒரு தடவை அம்மா ஓர் இலையைக் காற்றில் மடிந்தது மாதிரி போட்டுவிட்டாள். ஏஜெண்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மத்த அஞ்சும் இப்பிடி இல்லியே அக்கா?"

கூலியில் பிடித்துக்கொண்டார். அவரை வில்லனாக்க மாட்டேன். அவருக்கு மேலே இன்னொருவர் சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் அதற்கப்புறம் அம்மாவின் இலை எதுவும் மடியவில்லை. என் காலேஜ் ஃபீஸ் அந்த மடியாத இலைகளில்தான் வந்தது.

1998-ல் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் கேட்டது ஒரே ஒரு கட்டில் விரிப்பு. "ஒனக்க இஷ்டத்துக்கு ஒண்ணு போட்டுத் தாம்மா."

அம்மா உடனே கேட்டாள்: "பேப்பர் எங்க இருக்கு பிள்ளே?"

"பேப்பர் கெடயாது. ஒனக்க இஷ்டம்னுதானே சொன்னேன்?"

மூன்று நாள் அந்த வெள்ளைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா. ஊசியில் நூல் கோத்திருந்தது. ஒரு தையல் விழவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஜரிகை, கண்ணாடிச் சில்லு என்று யோசனை சொல்லிவிட்டுப் போனாள். நம்மில் பலருக்கு 'சொந்த ஸ்டைல்' என்றால் அதுதான். டைப் அடித்த லெட்டருக்குக் கலர் ஸ்கெட்சில் பார்டர் போடுவது மாதிரி!

நான்காம் நாள் பழைய திராட்சைப் பேப்பரையே எடுத்தாள். தண்டை அப்படியே நீலத்தில் இறக்கினாள். அந்த வளைவு மூலையில் கச்சிதமாக உட்காரும், அதில் கை வைக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. இலையில்தான் ஆரம்பித்தாள். திராட்சை இலைக்கு விரல் விரலாகப் பிளவு இருக்குமே, அதையெல்லாம் வெளிக்கோட்டோடு சேர்த்து நிரவி, நுனியைக் கூர்மையாக்கினாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய், முருக்க மரத்தில் ஏறியிருந்த கொடியிலிருந்து ஓர் இலையைப் பறித்து வந்து, நரம்பைப் பார்த்துப் பார்த்து ஸ்டெம் ஸ்டிச்சில் இழுத்தாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது... நல்லமிளகு!

திராட்சைக் கொத்து இருந்த இடத்தில் மிளகுத் திரி தொங்கியது. சாட்டின் தையலில் உருட்டிய திராட்சைக்குப் பதில், நெருக்கமாக பிரெஞ்ச் நாட். ஆறு இழை நூலில் வழக்கமாக இரண்டு பிரிப்பவள், இதற்கு மூன்று பிரித்தாள். மணி புடைத்து நிற்க வேண்டுமாம். ஒரு மூலையில் பிஞ்சுத் திரி, அடுத்ததில் பச்சை, மூன்றாவதில் சிவந்த பழம், நாலாவதில் காய்ந்த கறுப்பு. நாலும் நாலு விதம். ஏஜெண்ட் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

மிளகுக்காகவே மலையாளக் கரையைச் சுற்றிவந்த டச்சுக்காரர்கள், எங்களுக்குப் பக்கத்துக் குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் போனார்கள். முளகுமூட்டின் பெயரிலேயே முளகு இருக்கிறது. இதெல்லாம் நான் ஆபீஸ் லைப்ரரியில் படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னபோது அம்மா சொன்னாள்: "அது ஒண்ணும் எனக்குத் தெரியாது மக்கா. கொல்லையில நிக்கது அதுதானே?"

விரிப்பின் பெயர் ஊரில் பரவியது. நாலைந்து பெண்கள் வந்து மாதிரி கேட்டார்கள். அம்மா புதுப் பேப்பரில் மிளகுக் கொடியை வரைந்து, துளை போட்டுக் கொடுத்தாள். முதல் தடவையாக அவளே ஒரு ஃபைல்!

அடுத்த கொடைக்குள் கீழத்தெருவில் ஒருத்தி அதைப் போட்டு முடித்துக்கொண்டு வந்து காட்டினாள். கொடியின் நடுவில் இரண்டு பச்சைக்கிளி உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு வந்ததே கோபம்! "நல்லமெளகக் கிளி தின்னுமா? எனக்க கொடியில கொண்டாந்து கிளிய இருத்தியிருக்கா!" என்று அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்வரை அதே பேச்சு.

மறுநாள் காலையில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்கேம்மா?"

"கீழத்தெருவுக்கு. அந்தக் கிளி மூக்கு எந்தத் தையல்லே போட்டிருக்கான்னு ஒருக்கா பாத்துட்டு வாறேன்."