சேவல் இறகுக்கு மயங்கும் மீன்

குளத்துக் கெண்டைக்கு மண்புழு போதும். ட்ரௌட் பிடிப்பவர்களோ தூண்டில் முள்ளில் சேவலின் கழுத்து இறகை நூலால் சுற்றிக் கட்டி, பொய்ப்பூச்சி செய்கிறார்கள். நானும் ஒன்று கட்டினேன். மாமா, "ஏனுங் மாப்ளே, மீனு றெக்கையையா திங்கும்?" என்றார். அன்றிலிருந்து அவர் சேவல் கூண்டுக்குப் பூட்டு!

ரெயின்போ ட்ரௌட் அமெரிக்க இனம். நீலகிரியில் அதை வளர்க்க 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகமே அமைத்தார்கள்.

மார்கழியில் ஊட்டிப் புல்லெல்லாம் உறைபனி. தண்ணீர் சில்லிட்டால் மீனுக்கும் சோம்பல், அடியில் ஒண்டிக்கொள்ளும். பூச்சியை ஆழத்தில், மெல்ல மெல்ல நகர்த்தணும். ஒருநாள் லீவில் ஓடுகிற அவசரக்காரருக்கு வெறுங்கைதான்!

ஆனால் தண்ணீர் சூடானால் ட்ரௌட் பிழைக்காது. சோலைக்காடு கசியவிடும் குளிர் ஓடைதான் அதற்கு உயிர். காடு போனால்... பொய்ப்பூச்சி மட்டும் மிஞ்சும். சட்டையில் குத்திக்கொள்ளலாம் சார்!