மாமியார் நடத்திய இன்டர்வியூ

உத்தியோகத்துக்குப் போகிற பெண்களுக்கும், போக ஆசைப்படுகிற பெண்களுக்கும், போய்விட்டு நடுவில் நின்று, மறுபடி போகலாமா என்று யோசிக்கிற பெண்களுக்கும் இந்தக் கட்டுரை. மற்றவர்கள் படிக்கக் கூடாதென்று தடை ஒன்றும் இல்லை. வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், அவளுக்கு ஒரு வாய் காப்பி கலந்து கொடுத்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் என் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்ட்வேர் எழுதுவது என் தொழில். கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று தெரிகிற ரகம் அல்ல. இயந்திரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கும் சின்னஞ்சிறு சில்லுகளுக்கு உத்தரவு போடுகிற ரகம். ஒன்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். பிறகு மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். மூன்று வருஷம் வீட்டோடு இருந்தேன். அவர் காலமான பின் மறுபடி வேலை தேடக் கிளம்பினேன்.

முதலில் போன இடத்தில் ஓர் அதிகாரி என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "மூன்று வருஷ இடைவெளியா? சீனியர் உத்தியோகம் சிரமம் அம்மா. ஜூனியராக வருகிறீர்களா?" என்றார். எந்தக் கம்பெனி என்பதெல்லாம் எதற்கு? மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் வீடு வந்து சேரும் வரை அந்த 'ஜூனியர்' என் காதுக்குள் வண்டாக ரீங்காரம் செய்துகொண்டே வந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் மோட்டார் கம்பெனி இன்டர்வியூ. சீனியர் சாப்ட்வேர் இன்ஜினீயர் பதவி. நாற்பது நாள் அவகாசம்.

"கார் செய்கிறவர்களுக்குச் சாப்ட்வேர் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்றைய காரில் பிரேக்குக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், ஆபத்தில் உப்பி நம்மைத் தாங்கும் காற்றுப் பைக்கு ஒன்று, ஜன்னல் கண்ணாடிக்கு ஒன்று என்று பத்துக் கணக்கில் இருக்கின்றன. கூட்டுக் குடும்பம் மாதிரி. கூட்டுக் குடும்பம் என்றால் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள் அல்லவா? அதை ஒழுங்குபடுத்தத்தான் 'கேன்' என்று ஒரு முறை இருக்கிறது. நம் வாசலில் வந்து இறங்கும் தண்ணீர்க் கேன் இல்லை. ஜெர்மனியில் பாஷ் கம்பெனி கண்டுபிடித்து, 1986-ல் உலகத்துக்கு அறிவித்த முறை. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தால், சிறிய எண்ணுக்கே முதல் மரியாதை. மற்றவர் நடுவிலேயே வாயை மூடிக்கொண்டு, தம் முறை வரும்போது பேசவேண்டும். இது நம் வீடுகளுக்கும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து படித்தேன். அடுத்த பாடம் 'மிஸ்ரா'. "யாரம்மா அது, வடக்கத்தி வாத்தியாரா?" என்றார் என் மாமியார். இல்லை. பிரிட்டனில் மோட்டார்த் தொழிலைச் சேர்ந்தவர்கள் கூடி, 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று 1998-ல் வெளியிட்ட விதிகள் அவை. வண்டி ஓடும்போது அந்தந்த நிமிஷத்துக்கு ஞாபக இடத்தைக் கடன் வாங்காதே. ஆரம்பத்திலேயே எடுத்து வைத்துக்கொள் என்பது அதில் ஒன்று. விருந்தாளி இலையில் உட்கார்ந்த பிறகு அரிசி கடன் வாங்க ஓடக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதுதான்.

படித்தால் மட்டும் போதுமா? பதில் சொல்லிப் பழகவேண்டாமா? என் வீட்டுக்காரர் கேள்வி கேட்க முன்வந்தார். நான்காவது கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. பாவம், அலுவலகக் களைப்பு.

"நான் கேட்கிறேன்" என்றார் மாமியார், முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி.

"அத்தை, இதெல்லாம் உங்களுக்கு..."

"தெரியாவிட்டால் என்ன? பதில் சொல்லப் போகிறவள் நீ. கேள்வி கேட்கத்தானே போகிறேன்! சொல்லு, கார் ஜன்னல் தானே ஏறுகிறதே, அது எப்படி?"

பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் மோட்டார் சுழலும், கண்ணாடி உச்சிவரை ஏறும் என்று விளக்கினேன்.

"நடுவிலே குழந்தை கையை வைத்தால்?"

மோட்டார் திணறும், வேகம் குறையும், அதைச் சாப்ட்வேர் கண்டுகொண்டு கண்ணாடியைக் கீழே இறக்கிவிடும் என்றேன்.

"ரப்பர் பழசாகி இறுகிப் போனாலும் திணறுமே? கையா, ரப்பரா என்று அதற்கு எப்படித் தெரியும்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் மெய்யாகவே மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி அது! ரப்பர் மெல்ல மெல்ல, நாள்பட இறுகும். கை திடீரென்று வரும். வழக்கமாகக் கண்ணாடி ஏறும்போது எந்த இடத்தில் எவ்வளவு சிரமப்படுகிறது என்று சாப்ட்வேர் நினைவு வைத்துக்கொண்டால், வித்தியாசம் புரியும்.

"அந்த நினைவே தப்பிப்போனால்?"

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அப்படியும் ஆகலாம். அப்போது ஒரே தட்டில் ஏறும் வசதியை நிறுத்திவிட வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால்தான் ஏறவேண்டும். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று மறுபடி கற்றுக்கொண்ட பிறகுதான் பழைய வசதி.

"சரி, பாஸ்" என்று சொல்லிவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஜன்னலை ஏற்றி இறக்க எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். 'தப்பாகப் போனால் என்ன ஆகும்? அதுவும் தப்பாகப் போனால்?' என்று கேட்டுக்கொண்டே போகிறவர்தான் சீனியர். நம் அடுக்களையில் குக்கரைப் பாருங்கள். ஆவி வெளியேற வெயிட் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் காப்பாற்றத் தனியாக ஒரு வால்வும் இருக்கிறது. காரின் ஆக்ஸிலேட்டர் மிதியிலும் அப்படியே. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளக்க ஒன்றுக்கு இரண்டு உணர்கருவிகள். இரண்டும் வேறு வேறு சொன்னால், சாப்ட்வேர் இரண்டையும் நம்பாமல் இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதற்கென்றே ஒரு சர்வதேச விதிநூல் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 26262 என்று பெயர். 2011-ல் வந்து, 2018-ல் திருத்தப்பட்டது. அது கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள். கெட்டுப் போனால் அடி எவ்வளவு பலமாக இருக்கும்? அப்படிப்பட்ட சந்தர்ப்பம் எத்தனை தடவை நேரும்? வண்டி ஓட்டுகிறவரால் சமாளிக்க முடியுமா? பதிலைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கிறார்கள். 'டி' என்றால் கண்டிப்பு மிக அதிகம். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்!

படிக்கிறபோது அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் ஹாமில்டனின் கதை எனக்குப் பெரிய துணையாக இருந்தது. சந்திரனுக்கு ஆட்களை அனுப்பிய அப்போலோ விண்கலத்தின் சாப்ட்வேர்க் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். தம் சின்னப் பெண்ணையும் சில சமயம் வேலைக்கு அழைத்துப் போவார். அந்தக் குழந்தை விளையாட்டாகப் பொத்தான்களைத் தட்டியதில், பறக்கும் நடுவில் புறப்பாட்டுக்கான புரோகிராம் ஓடி, ஒத்திகைக் கருவி ஸ்தம்பித்துவிட்டது. இதற்குத் தடுப்பு வைக்கவேண்டும் என்றார் தாய். பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று மேலிடம் மறுத்துவிட்டது. 1968 டிசம்பரில், அப்போலோ 8 பயணத்தின்போது ஜிம் லவல் என்ற தேர்ந்த வீரர் அதே காரியத்தைச் செய்தார். விண்கலம் எங்கே இருக்கிறது என்ற கணக்கு அழிந்துபோய், பூமியிலிருந்து மறுபடி சரிசெய்ய வேண்டியதாயிற்று. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, பாருங்கள்!

இன்டர்வியூ தினமும் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் ஒரு மணி நேரம் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். பிறகு கேள்வி, பதில்.

"மூன்று வருஷம் வேலையில் இல்லையே?"

"மாமனாருக்குப் பக்கவாதம். கூட இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். சகோதரிகளே, இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு மூன்று வாக்கியம் போதும். தலையைக் குனியவேண்டாம்; நெடுங்கதை சொல்லவும் வேண்டாம்.

கடைசியாக ஒருவர் கேட்டார்: "வண்டி வெளிவர ஒரு வாரம்தான் பாக்கி. ஜன்னலில் விரலைக் கண்டுபிடிக்கும் பகுதியில் ஒரு குறை தெரிகிறது. மேலதிகாரி 'பரவாயில்லை, போகட்டும்' என்கிறார். என்ன செய்வீர்கள்?"

"யாருக்கு என்ன அடிபடலாம் என்பதை எழுத்தில் கொடுப்பேன். குறை தீரும் வரை ஒரே தட்டில் ஏறும் வசதியை நிறுத்தி வைத்து வண்டியை விடலாம் என்பேன். அதற்கும் சம்மதிக்காவிட்டால், என் கையெழுத்துக் கிடையாது என்பேன்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வேலை கிடைத்ததா என்று துடிக்கிறீர்கள், இல்லையா? பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. அதில் 'சீனியர்' என்ற வார்த்தையை நான் இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரர் சம்பளத்தை மூன்று தடவை படித்தார். மாமியாரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். கடிதத்தை மடித்துச் சுவாமி படத்தடியில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரிதான். கதவைச் சரியாகச் சாத்தாமலே வண்டி கிளம்பிவிட்டால்?"