எலி வைத்த 'ஆஃப்'

வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்த அன்றுதான் பெட்ரோல் பம்ப்செட் மக்கர் செய்தது. கயிற்றை இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். 'காயில் போயிடுச்சு, புதுசு போடணும்' என்றார் மெக்கானிக், திறந்துகூடப் பார்க்காமல். மேட்டு வயலில் கத்திரி நட்டு மூன்றே நாள். அடுத்த முறை வரைக்கும் நாற்று தாங்காது.

அந்த அம்மா தானே பிளக்கைக் கழற்றினார். நனைந்திருந்தது. ஆக, பெட்ரோல் வருகிறது, கரன்ட்தான் வரவில்லை. ஆவி போகச் சற்று நேரம் விட்டு, 0.7 மி.மீ. இடைவெளி வைத்த புது பிளக்கைக் கேப்பில் மாட்டி, டேங்குக்கும் பிளக் ஓட்டைக்கும் தள்ளி இன்ஜின் இரும்பில் ஒட்டவைத்தார். மகன் கயிற்றை இழுத்தான். பொறி இல்லை.

அடுத்து, காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்தான். பளிச்சென்று நீலப் பொறி! சுவிட்சை அணைத்தால், அந்த ஒயர் காயிலை இன்ஜின் இரும்போடு சேர்த்துப் பொறியை நிறுத்தும். கொட்டகை எலி அதன் தோலைக் கடித்ததில், செம்புக் கம்பி இரும்பில் பட்டு எந்நேரமும் 'ஆஃப்' ஆகவே இருந்திருக்கிறது. ஒயரில் அப்படி என்ன ருசியோ!

கடிபட்ட இடத்தில் டேப் சுற்றி, ஒயரைப் பழையபடி மாட்டினார். அதை மாட்டாமல் விட்டால் ஓடும் இன்ஜினைச் சுவிட்சில் நிறுத்த முடியாது. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் வடிவதற்குள் கடைசிப் பாத்திவரை தண்ணீர் பாய்ந்துவிட்டது.