ஏட்டில் ஒரு பாடம், காட்டில் ஒரு பாடம்

தேர்வுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. தாராபுரத்தில் நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, தம்பி மகள் உயிரியல் நூலை உரத்த குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சூழ்நிலையியல், பரிணாமம் என்னும் இரு பகுதிகளே எஞ்சியிருந்தன. எஞ்சியவை என்பதைவிட, அவள் அஞ்சியவை என்பதே பொருந்தும்.

அவள் அன்னை திருப்பூரிலே பனியன் கம்பெனியில் தையற்பொறி முன் அமர்ந்து உழைப்பவர். விடியுமுன் வேன் வந்து ஏற்றிச் செல்லும். இருட்டிய பின்னரே இறக்கிவிடும். "பாஸாகலைன்னா வேன்ல இன்னொரு எடம் இருக்குது, அம்மணி" என்று அவர் மகளிடம் சொன்னதை நாம் கேட்டோம். அது மிரட்டல் அன்று, பட்டறிவு. உழைப்பு இழிவன்று. ஆனால் ஒரு பெண் அதைத் தானே தேர்ந்து செல்லவேண்டும்; தோல்வி பிடித்துத் தள்ளிச் செல்லலாகாது. நம் குடும்பத்துப் பெண்களிலே மேல்நிலைத் தேர்வுவரை வந்தவள் அவளே முதல்.

"ஆற்றல் ஓட்டத்தில் பத்து விழுக்காடு விதி. கூறியவர் லிண்டிமன். ஆண்டு 1942" என்று ஒப்பித்தாள்.

"பத்து விழுக்காடு என்றால் என்ன, கண்ணு?" என்றோம்.

"அது கேள்வியில வராதுங்க, பெரியப்பா" என்றாள்.

நமக்குச் சுருக்கென்றது. நாம் பள்ளியிற் பயின்ற நாளில், பரிணாமப் பாடத்தை நடத்திய ஆசிரியர் ஒருவர், "மதிப்பெண்ணுக்காக எழுதுங்கள், மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்" என்றார். நாமும் அவ்வாறே எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அறிவு பெற மேலும் பத்தாண்டு ஆயிற்று. அந்த இழப்பு இவளுக்கும் நேர விடலாமா?

மறுநாட் காலை அவளை அழைத்துக்கொண்டு கொறங்காட்டுக்குச் சென்றோம். மேற்கு மலையின் மழைமறைவிலே கிடக்கும் வறண்ட மண் இது. இங்கே தாராபுரம், காங்கேயம் வட்டாரத்து உழவர்கள் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரத்தை நிறுத்தி, சுற்றிலும் கிளுவை வேலி கட்டி, அதனுள்ளே காங்கேயம் மாட்டை மேயவிட்டனர். அந்த வெள்வேலின் நெற்று மாட்டுக்குத் தீனி. நிழல் அதற்குத் தங்கல். கிளுவை வேலியோ, பறவைக்கும் ஓணானுக்கும் பாம்புக்கும் வீடு. மாட்டின் சாணம் மண்ணுக்குத் திரும்பும். மண் மீண்டும் புல்லாகும். நூலிலே படம் வரைந்து விளக்கிய சூழல் மண்டலம், காலடியிலேயே கிடந்தது!

"இந்தப் புல்லில் 1,000 அலகு ஆற்றல் இருப்பதாகக் கொள். மேயும் உயிரின் உடலிற் சேர்வது ஏறத்தாழ 100. அதை உண்ணும் உயிருக்குச் சேர்வது 10. எஞ்சியதெல்லாம் மூச்சிலும் உழைப்பிலும் வெப்பத்திலும் கழிவிலும் போய்விடும்" என்றோம்.

சிறிது நேரம் நின்றாள். "அதனாலதானுங்களா பெரியப்பா, காட்டுல முயல் பல இருந்தாலும் நரி ஒண்ணு ரெண்டுதான் இருக்குது?" என்றாள்.

அதுதான் பாடம்! ஒப்பித்தபோது வராதது, உற்று நோக்கியபோது வந்தது.

அடுத்துப் பரிணாமம். "வறண்ட பூமிக்கு ஏத்த மாதிரி காங்கேயம் மாடு தன்னை மாத்திக்கிச்சுங்க" என்றாள். 1809-இல் லாமார்க் செய்த பிழை அதுவே. ஓர் உயிர் தன் வாழ்நாளில் முயன்று பெற்ற மாற்றம் வழிவழியாய்ச் சேர்ந்து புது இனத்தை ஆக்கும் என்றார் அவர். 1859-இல் நூல் வெளியிட்ட டார்வின் காட்டிய வழி வேறு. ஒரு தாயின் கன்றுகளும் ஒன்றுபோல் இரா. வறட்சியைத் தாங்கும் இயல்போடு பிறந்தது பிழைக்கும். அதன் வழியே அவ்வியல்பு பெருகும். மாறுவது தனி மாடன்று. தலைமுறை தலைமுறையாய் மந்தையே மாறுகிறது. இயற்கை தேர்வதுபோல் மனிதனும் தேர்வான். டார்வின் தம் நூலின் முதல் இயலிலே வளர்ப்புப் புறாக்களைச் சான்று காட்டியது அதனாற்றான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் நல்ல காளைகளைத் தேர்ந்து காங்கேயம் இனத்தை வளர்த்ததும் அவ்வகையே.

"காங்கேயம் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஆறு திங்களில் சாம்பல் நிறமாகிறதே, அது பரிணாமமா?" என்று மடக்கினோம்.

"இல்லீங்க! அது ஒரே கன்னு வளர்ற வளர்ச்சிங்க" என்றாள். நாம் மகிழ்ந்தோம்.

பிறகு அவளே வினவினாள்: "அப்ப சாயத்தண்ணிக்கும் உயிருங்க பழகிக்குமுங்களா?" 1992-இல் பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே எழுந்தது ஒரத்துப்பாளையம் அணை. அது திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. உழவர் நிலம் உப்பாயிற்று. கழிவுநீர் சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. "தேர்வுக்குத் தலைமுறைகள் வேண்டும், கண்ணு. சாயமோ விரைந்து வந்து சேர்ந்தது. தென்னைக்கும் மீனுக்கும் மாறுவதற்கு நேரம் ஏது?" என்றோம். தன் அன்னை தைக்கும் பனியனின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அவள் எண்ணியிருக்க வேண்டும், நெடுநேரம் பேசவில்லை.

அன்றிரவு, திண்ணையிலிருந்த நம் அன்னையார் குறுக்கிட்டார்: "கொரங்குல இருந்து மனுசன் வந்தான்னா, கொரங்கு இன்னும் எதுக்கு இருக்குது?"

நாம் வாய் திறக்குமுன் பெண் முந்திக்கொண்டாள். "அப்பத்தா, பங்காளி ஊட்டுல இருந்தா நாம பொறந்தோம்? ரெண்டு ஊட்டுக்கும் பாட்டன் ஒருத்தருதானுங்க. அப்படித்தான் இதுவும். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான பாட்டன் அறுபது, எழுபது லட்சம் வருசத்துக்கு முந்தி இருந்தாருங்க."

"அப்ப கொரங்கு செத்தா நமக்குத் தீட்டா?" என்று கிழவியார் சிரித்தார்.

"கொரங்கே பங்காளின்னா, அந்தத் தெரு ஆளுக நமக்கு யாருங்க, அப்பத்தா?"

சிரிப்பு நின்றது. "படிக்கற வேலையப் பாரு" என்று அன்னையார் திரும்பி அமர்ந்தார். அந்த மௌனம் ஒப்புதல் அன்று. ஆயினும் மறுப்பும் அன்று. எண்பது ஆண்டுப் பழக்கத்தின்மீது ஒரு கேள்வி விழுந்துவிட்டது. அந்தக் கேள்வியை எந்த மேடையும் எழுப்பவில்லை. பதினேழு வயதுப் பெண்ணின் பாடநூல் எழுப்பிற்று!

இதனாலன்றோ சிலர் இப்பாடத்தைக் கண்டு நடுங்குகின்றனர்? 2018-இல் ஒன்றிய அமைச்சர் ஒருவரே டார்வின் கொள்கை தவறு என்றார். 2023-இல், மத்திய பாடநூல் குழுமம் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியது வெளிப்பட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். நம் மாநில நூல்களில் அப்பாடம் உள்ளது. உள்ளது என்று மகிழ்ந்தால் போதுமா? ஏட்டில் இருப்பது எண்ணத்தில் ஏறவேண்டாமா?

தேர்வு முடிந்து வந்தவள், "எழுதியிருக்கேனுங்க, பெரியப்பா. ஒப்பிச்சு எழுதல; தெரிஞ்சு எழுதினேன்" என்றாள். மதிப்பெண் எவ்வளவு வரும் என்று நாம் கேட்கவில்லை. வேனிலிருந்து இறங்கிய அன்னை கேட்டார். கேட்கும் உரிமை அவருக்குண்டு.

அன்பர்களே! உங்கள் திண்ணையிலும் ஒரு பிள்ளை உரக்க ஒப்பித்துக்கொண்டிருக்கும். அருகில் சென்று அமருங்கள். "அப்படியென்றால் என்ன?" என்று ஒரு முறை கேளுங்கள். அது போதும்.