ஓர் "அப்பாடா"வின் கதை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் இரவு, என்னை அறியாமலே என் வாயிலிருந்து "அப்பாடா!" என்று ஒரு சொல் வெளிப்பட்டது. அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

நானும், கல்லூரியில் படிக்கும் என் புதல்வியும் 'டெக்ஸ்டர்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக் கொண்டிருந்தோம். 2006 முதல் 2013 வரையில் எட்டுப் பருவங்களாக 96 பகுதிகள் வெளிவந்த தொடர் அது. கதாநாயகன் மயாமி நகரத்துப் போலீஸ் இலாகாவில் இரத்தக் கறைகளைப் பரிசோதிக்கும் நிபுணன். இரவிலோ, சட்டத்துக்குத் தப்பிய கொலைகாரர்களைத் தேடிப் பிடித்துக் கொல்பவன். அவன்மீது ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் கொண்டவர் ஸார்ஜெண்ட் டோக்ஸ். இரண்டாம் பருவத்தின் முடிவில், சதுப்புக் காட்டுக் குடிசை ஒன்றில் டெக்ஸ்டர் அடைத்து வைத்திருந்த அந்த டோக்ஸ், வேறொருத்தி மூட்டிய தீயில் மாண்டு போகிறார். டெக்ஸ்டர் செய்த கொலைகளெல்லாம் செத்தவர் தலையில் விழுகின்றன. என் "அப்பாடா" பிறந்தது அப்பொழுதுதான்.

"ஏன் அப்பா, போலீஸ்காரர் செத்ததற்கா பெருமூச்சு விட்டீர்கள்?" என்று கேட்டாள் புதல்வி. நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நீதி போதித்து வரும் என்னை இந்த நிலைக்குக் கொண்டு வந்தது எது? அதை அறிய விரும்பி மூல நாவல்களை வரவழைத்துப் படித்தேன். ஆசிரியர் ஜெப் லிண்ட்ஸே. முதல் நாவல் 2004-ல் வெளிவந்தது. தொடரின் முதற் பருவம் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகிறது. பிறகு தன் வழியே போய்விடுகிறது.

நாவலில் டெக்ஸ்டரே "நான்" என்று கதை சொல்கிறான். புத்தகத்தை மூடினால் அந்தக் குரல் நின்றுவிடும். தொடரில் குரலோடு முகமும் சேருகிறது. தொடக்கக் காட்சியில் அவன் முகக்ஷவரம் செய்து கொள்கிறான், முட்டை பொரிக்கிறான், பழம் பிழிகிறான், பூட்ஸுக்குக் கயிறு கட்டுகிறான். நாமும் தினந்தோறும் காலையில் இப்படிப்பட்ட காரியங்களைத்தானே செய்கிறோம்! பத்துப் பகுதி பார்ப்பதற்குள் அவன் அண்டை வீட்டுக்காரன் ஆகிவிடுகிறான்.

மேலும், முதல் நாவலின் முடிவில், தன்னைப் போலவே கொலைகாரனான சகோதரனை டெக்ஸ்டர் தப்பிப் போக விடுகிறான். தொடரிலோ, வளர்ப்புத் தங்கையைக் காப்பதற்காக அவனைக் கொன்றுவிடுகிறான். நம் வீட்டுக்குள் அனுப்புமுன் அவனைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள்! இரண்டாம் நாவலில் டோக்ஸ், வேறொரு கொடியவன் கையில் அகப்பட்டுக் கை கால்களையும் நாவையும் இழக்கிறார். ஆயினும் வாய் பேசாத சாட்சியாக உயிரோடு இருக்கிறார். தொடரில் அந்தச் சாட்சியும் இல்லை. அவர் பிழைத்திருந்தால் டெக்ஸ்டர் அகப்படுவான். அவன் அகப்பட்டால் தொடர் முடிந்துவிடும். கதை நீள வேண்டும் என்ற ஆசையும், கொலைகாரன் தப்ப வேண்டும் என்ற ஆசையும் என் மனத்தில் ஒன்றாகிவிட்டன.

இத்தகைய தொடர்களைத் தடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. எழுதியவர்களின் திறமையை மெச்சுகிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் சண்டையிட்டால், முதலில் ஓடி வந்து சாமர்த்தியமாகப் பேசுகிறவன் பக்கம் மனம் சாய்வது எனக்குப் பழைய அனுபவம். அடிபட்டவன், வாய் திறவாமல் பின்னால் நின்ற பையன் என்பது பிறகுதான் தெரிய வரும். தொடரிலும் தன் மனத்தைத் திறந்து நம்மோடு ஓயாமல் பேசுகிறவன் டெக்ஸ்டர். டோக்ஸின் மனம் நமக்குக் கேட்பதே இல்லை.

ஆகவே, இரண்டாம் பருவத்தை மறுபடியும் பார்த்தேன், இம்முறை டோக்ஸின் பக்கம் நின்று. சரியாகச் சந்தேகித்த ஒரு மனிதர், தம் சகாக்களே நம்பாமல், குற்றவாளி என்ற பெயரோடு செத்த கதையாக அது இருந்தது. குடிசை எரிந்தபோது என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"இப்பொழுது என்ன சொல்கிறீர்கள், அப்பா?" என்றாள் புதல்வி.

"டோக்ஸ் நினைத்தது சரிதான், அம்மா" என்றேன்.