நான்கு கிலோமீற்றர் தூரம்

உலகப்படத்தில் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இரண்டு புள்ளிகளைத் தேடிப் பாருங்கள், தோழியரே. பெரிய டயோமீட், சின்ன டயோமீட். இடையில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் கடல்தான். மாரியில் அது உறைந்துவிடும். இரு தீவுகளிலும் வாழ்ந்த இனுயிற் மக்கள் ஒருவருக்கொருவர் சொந்தம்.

1948இல் எல்லை மூடப்பட்டது. பெரிய தீவின் குடும்பங்களைச் சோவியத் அரசு பெருநிலத்துக்கு அகற்றியது. சின்னத் தீவில் நின்றால் உறவினரின் ஊர் கண்ணுக்குத் தெரியும், ஆட்கள் இல்லை.

1977இல் எபன் ஹொப்சன் என்ற அலாஸ்காத் தலைவர் பரோ நகரில் மாநாடு கூட்டினார். கனடாவிலிருந்தும் கிறீன்லாந்திலிருந்தும் வந்தார்கள். ரஷ்யக் கரையிலிருந்து எவரும் வரவில்லை. இனுயிற் சுற்றுத்துருவப் பேரவை அப்படித்தான், ஒரு கிளை குறைந்தபடி, தொடங்கியது.

கிறீன்லாந்துக்கு 1979இல் சுயாட்சி கிடைத்தது; 2009இல் அது விரிந்தது. கனடாவுக்குள்ளேயே 1999 ஏப்ரல் 1இல் நுனாவுட் பிறந்தது. ‘எமது நிலம்’ என்பது அதன் பொருள். பெயரிலேயே எவ்வளவு ஏக்கம்!

1988 ஜூனில் அலாஸ்காவின் நோமிலிருந்து ஒரு விமானம் ரஷ்யாவின் புரோவிடேனியாவில் இறங்கியது. நாற்பது ஆண்டுகள் பிரிந்திருந்த உறவுகள் சந்தித்தன. 1992இல் ரஷ்யக் கரை மக்களும் பேரவையில் சேர்ந்தார்கள்.

பெரிய டயோமீட்டில் இன்றும் குடிமக்கள் இல்லை. இருப்பது எல்லைக் காவலர் மட்டுமே.