அனாமத்துக் கணக்கு

கோல்ஃப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்? பச்சைப் புல்வெளி, வெள்ளைத் தொப்பி, பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு ஆள், பழைய சினிமாவில் கோட் போட்ட பணக்கார அப்பா... அவ்வளவுதானே? ‘நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சத்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்றைக்கு டி.வி-யில் கோல்ஃப் பார்த்தால், முதல் அடி விழும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்த மாதிரி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அது ‘டொக்’ என்றுதான் கேட்கும். கனமான தேக்குக் கதவை விரல் முட்டியால் தட்டியது போல. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ அறுபதைத் தாண்டிய கோல்ஃப்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நம்மூர்ப் பெரியவர்கள் மர்ஃபி ரேடியோவைப் பற்றிப் பேசுவது போல, இந்த ‘டொக்’கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

‘டொக்’குக்குக் காரணம் மரம். பெர்சிமன் என்று ஒரு மரம். குன்னூர்ப் பக்கம் சீசனில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழம் விற்பார்களே, அதனுடைய அமெரிக்கப் பங்காளி. நம்ம கருங்காலியும், பீடி சுற்றும் இலை தருகிற மரமும் இதே குடும்பம்தான். அந்த மரத்தைக் காய வைத்து, கடைந்து, உள்ளே எடைக்கு ஈயம் வைத்து, அடியில் பித்தளைத் தகடு அறைந்து, கழுத்தில் கறுப்பு நூல் சுற்றி, மேலே வார்னிஷ் பூசினால் ஒரு ‘டிரைவர்’ ரெடி. பார்த்தால் வீணையின் குடம் சின்னதானது மாதிரி இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை பையன், யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய சாமான்களில் ஒன்றை அஞ்சு டாலருக்கு வாங்கி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். என் மனைவி ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாய் விரட்டவாங்க?” என்றாள். இப்போது அது புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது.

இந்த மரத் தலைக்குச் சாவு மணி அடித்தவர் கேரி ஆடம்ஸ் என்ற அமெரிக்கர். 1979-ல் டெய்லர்மேட் என்ற கம்பெனியை ஆரம்பித்து, ஸ்டீலால் செய்த தலையைக் கொண்டுவந்தார். அதற்குச் செல்லப் பெயர் ‘பிட்ஸ்பர்க் பெர்சிமன்’. பிட்ஸ்பர்க், இரும்பாலைகளின் ஊர். குசும்பைப் பாருங்கள்! 1991-ல் காலவே கம்பெனியின் ‘பிக் பெர்த்தா’ வந்தது. 1993-ல் மாஸ்டர்ஸ் பட்டத்தை மர டிரைவர் வைத்துக்கொண்டு வென்றார் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர். பெரிய பட்டங்களில் மரத்துக்குக் கிடைத்த கடைசி வெற்றி அதுதான். அப்புறம் டைட்டானியம். தலை வீங்கிக்கொண்டே போய், 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று விதி போட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. சின்னத் தேங்காய் சைஸ்!

பெரிய தலையில் என்ன லாபம்? பந்து நடுவில் படாவிட்டாலும் மன்னித்துவிடும். மரம் மன்னிக்காது. ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நடுவில் ஓர் இடம். அங்கே பட்டால் ‘டொக்’, பந்து பறக்கும். அரை இன்ச் தள்ளிப் பட்டால் உள்ளங்கை முதல் முழங்கை வரை ‘விண்’ணென்று இருக்கும். பழசை விரும்புகிறவர்கள் ஏங்குவது இந்தக் கண்டிப்புக்குத்தான்.

பெயர்களுக்கும் ஏங்குகிறார்கள். இன்றைக்கு மட்டைகளுக்கு நம்பர். அஞ்சு, ஏழு, ஒன்பது. அந்தக் காலத்தில் மாஷி, நிப்ளிக், க்ளீக், ஸ்பூன், பிராஸி! வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த செல்லப் பெயர்கள் மாதிரி இல்லை? பாபி ஜோன்ஸ் என்ற மேதையின் பட்டருக்குப் பெயர் ‘கலாமிட்டி ஜேன்’. ஹிக்கரி மரத்தில் காம்பு. 1930-ல் அந்த வருஷத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் ஜெயித்துவிட்டு, 28 வயதில் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார் மனிதர். அப்போதே அமெரிக்காவில் ஸ்டீல் காம்பு செல்லும் என்று சட்டம் வந்து ஆறு வருஷமாகியிருந்தது. அவர் கடைசி வரை மரக்காம்போடுதான் போட்டிகளில் ஆடினார்.

சரி, மட்டை போதும். பந்துக்கு வருவோம். நம்ம கதை இருப்பது அங்கேதான்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊர். 1840-களில் அங்கே ஆலன் ராபர்ட்சன் என்று ஒருவர். அந்தக் காலத்தின் நம்பர் ஒன் ஆட்டக்காரர். தொழில், இறகுப் பந்து செய்வது. தோலைத் தைத்து ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக வேகவைத்த வாத்து இறகை அடைக்கவேண்டும். ஒரு பெரிய தொப்பி நிறைய இறகு ஒரே ஒரு பந்துக்குள்! நெஞ்சைக் கொடுத்து இரும்புக் கம்பியால் அழுத்தி அழுத்தி அடைப்பார்கள். காயும்போது இறகு விரியும், தோல் சுருங்கும். பந்து கல்லாகிவிடும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு ஆளால் மூன்று, நான்கு பந்துதான் முடியும்.

ஆலனிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன் டாம் மாரிஸ். குருவும் சிஷ்யனும் ஜோடி சேர்ந்து ஆடினால் தோற்றதே இல்லை என்று சொல்வார்கள்.

அப்போதுதான் கிழக்கேயிருந்து ஒரு பிசின் வந்தது. கட்டா பெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி இளகும், ஆறினால் இறுகிவிடும். இது கோல்ஃபுக்கு வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பேட்டர்சன் என்ற மாணவர் வீட்டுக்குக் கிழக்கேயிருந்து ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். உடையாமலிருக்கச் சுற்றிலும் இந்தப் பிசின் துண்டுகள். அதை உருட்டிப் பந்து செய்து பார்த்தாராம். உண்மையோ கதையோ, பெருமாள் தெரியாமல் கொடுத்த வரம்!

1848 வாக்கில் இந்தப் பந்து பரவியது. இறகுப் பந்தைவிடப் பல மடங்கு மலிவு. மழையில் நனைந்தால் பிய்ந்துபோகாது. ஆலன் கொதித்துப்போனார். புதரில் கிடக்கும் கட்டா பந்துகளைப் பொறுக்கி வரும் பையன்களுக்குக் காசு கொடுத்து வாங்கி, நெருப்பில் போட்டாராம். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே டாமிடம் பந்து தீர்ந்துவிட்டது. கூட ஆடியவர் ஒரு கட்டா பந்தைக் கொடுக்க, டாம் அதில் ஆடிவிட்டார். விஷயம் குருநாதருக்குத் தெரிந்தது. வாய்ச்சண்டை. அன்றோடு பிரிந்தார்கள். டாம் தனிக்கடை போட்டார். 1851-ல் மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் என்ற ஊருக்கு வேலைக்குப் போனார். 1860-ல் முதல் ஓப்பன் போட்டி நடந்தது அதே பிரெஸ்ட்விக்கில்தான். அந்தப் பட்டத்தை டாம் பிற்பாடு நான்கு முறை ஜெயித்தார்.

ஆலன்? அவரும் கடைசியில் கட்டாவுக்கு மாறிவிட்டார். 1858-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 79 அடிகளில் ஆட்டத்தை முடித்தார். எண்பதுக்குக் கீழே வந்த முதல் ஆள். எரித்த பந்துதான் அவருக்கு அந்தச் சாதனையைக் கொடுத்தது. அடுத்த வருஷமே காலமாகிவிட்டார்.

இன்னொரு வேடிக்கை. புத்தம் புது கட்டா பந்து வழவழவென்றிருக்கும், ஆனால் சரியாகப் பறக்காது. பொத்தென்று விழும். அடிபட்டுக் காயமான பழைய பந்துதான் ஒழுங்காகப் பறந்தது. அதைப் பார்த்துவிட்டு, புதுப் பந்தையும் சுத்தியலால் கொத்திக் காயப்படுத்தி விற்க ஆரம்பித்தார்கள். இன்றைய பந்தில் இருக்கும் குழிகள் எல்லாம் அந்தக் காயங்களின் பேரப்பிள்ளைகள்தான்!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் மனசு நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று பிரித்துக்கொள்ளும். வரவுப் பக்கம் மேலே சொன்ன அழகெல்லாம் வரும். பற்றுப் பக்கம்?

கட்டா பெர்ச்சா மரத்தில் கீறிப் பால் எடுப்பது கஷ்டம். வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போடவும் இதே பிசின்தான். முக்கிய எதிரி தந்திதான், கோல்ஃப் அதற்கு ஒத்து ஊதியது. சில பத்தாண்டுகளில் காடு காடாக மரம் போயிற்று.

1898-ல் அமெரிக்காவில் ஓஹியோவைச் சேர்ந்த கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் நூலை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றி, மேலே உறை போட்டு ஒரு பந்து செய்தார். 1902-ல் சாண்டி ஹெர்ட் அதை வைத்து ஓப்பன் பட்டத்தை ஜெயித்ததும், கட்டா அவுட். பல்லாட்டா என்ற தென்னமெரிக்க மரத்துப் பாலில் மெல்லிய உறை போட்ட நூல் பந்துகள் அப்புறம் வந்தன. கையில் வைத்தால் மெத்தென்று இருக்கும். தப்பாக அடித்தால் தோல் கிழிந்து, பந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு பிளவு விழும். இந்த நூல் பந்துகள்தான் ஏறக்குறைய நூறு வருஷம் ஆண்டன. 2000 அக்டோபரில் டைட்லிஸ்ட்டின் புரோ வி1 வரும் வரை. அதற்குள்ளே நூல் இல்லை, கெட்டியான ஒரே உருண்டை.

அந்த நூறு வருஷத்து ரப்பர் எங்கேயிருந்து வந்தது? 1934-ல் ஓப்பன் போட்டியில் ஹென்றி காட்டன் ஒரு சுற்றை 65-ல் முடித்தார். அந்தப் பெருமைக்காக டன்லப் கம்பெனி தன் பந்துக்கு ‘டன்லப் 65’ என்று பெயர் வைத்தது. டன்லப் என்றால் நமக்கு அம்பத்தூர் டயர் ஃபேக்டரிதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கம்பெனிக்கு மலேயாவில் சொந்தமாக ரப்பர் தோட்டங்கள் இருந்தன. மலேயா ரப்பர் தோட்டங்களில் மரம் கீறியது யார்? இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1989 வாக்கில் சைதாப்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், நந்தனம் கோல்ஃப் மைதானத்து மதிலைத் தாண்டி வந்த ஒரு பந்தைக் கொண்டுவந்தான். கிரிக்கெட் ஆடினோம். மூன்றாவது மாடி வரை எகிறியது. உறை கிழிந்ததும் பிளேடால் அறுத்தோம். உள்ளே ரப்பர் நூல்! ஒரு முனையைப் பிடித்து இழுக்க இழுக்க, உயிருள்ள ஜந்து மாதிரி துள்ளித் துள்ளி வருகிறது. கூடம் முழுக்க நூல். எங்கள் அப்பாயி குனிந்து ஒரு கொத்தை எடுத்து மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தார்.

“பால்மரத்து ரப்பருடா இது. எங்கண்ணன் சீமைலேர்ந்து வந்தப்ப அவரு பெட்டியைத் தொறந்தா இதே வாசனைதான் அடிச்சுது.”

அப்பாயியின் அண்ணன் 1930-களின் நடுவில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போனவர். விடியும் முன்னே எழுந்து, விளக்கு வெளிச்சத்தில் மரம் மரமாகப் போய்க் கீறவேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் நின்றுவிடும். ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தார். மறுபடி போனவர் திரும்பவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பாயி அந்த நூலை உருட்டி, முந்தானையில் முடிந்துகொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பழசை நினைத்து ஏங்குவது தப்பா? இல்லை என்றே நினைக்கிறேன். ஸ்காட்லாந்தில் 2005-லிருந்து உலக ஹிக்கரி ஓப்பன் என்று மரக்காம்பு மட்டைகளுக்கென்றே ஒரு போட்டி நடத்துகிறார்கள். பைத்தியக்காரத்தனம் இல்லை, அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி முதல் அடி 1980-ல் சுமார் 257 கஜம், 2023-ல் சுமார் 300 கஜம். மைதானங்களை நீட்டி நீட்டி இடமில்லாமல் போய், பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்க 2023 டிசம்பரில் விதிகளை இறுக்குவதாக அறிவித்தார்கள். அதாவது, ‘போதும்’ என்று சொல்லும் பழைய பந்தின் குணம் திரும்பத் தேவைப்படுகிறது. ஆலன் நெருப்பில் போட்டது பந்தை மட்டுமில்லை, பயத்தையும்தான். பத்திரிகையில் வேலை பார்க்கிற எனக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிகிறது.

ஆனால் கணக்கு எழுதும்போது ஒரு விதி உண்டு. பற்றும் வரவும் டேலி ஆகவில்லையென்றால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். அது தற்காலிகம்தான். யாருடையது என்று தெரிந்த அன்றைக்கே அங்கிருந்து எடுத்து, அவரவர் பெயரில் எழுதிவிட வேண்டும். மட்டை செய்தவர், பந்து அடைத்தவர், ஜெயித்தவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. மரம் கீறியவர்கள் மட்டும் இன்னமும் அனாமத்தில் இருக்கிறார்கள்.

இனிமேல் யாராவது உங்களிடம் “அந்தக் காலத்துல...” என்று ஆரம்பித்தால், ஆசையாகக் கேளுங்கள். பந்தோ, ரேடியோவோ, பட்டுப்புடவையோ, எதுவாக இருந்தாலும் சரி. அவர் சொல்லி முடித்ததும், சண்டைக்குப் போகாமல், மெதுவாக ஒன்றே ஒன்று கேளுங்கள்.

“அதைச் செஞ்சது யாரு சார்?”